சொன்ன பேச்சுக் கேட்காத சங்கரபாண்டியன்

நாவல் எழுதுகிறவனுக்கு உறவினர்கள் இரண்டே வகை. “என்னைய எதுக்குக் கதையில எழுதின?” என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு வகை. “என்னைய ஏன் எழுதல?” என்று பேச்சை நிறுத்திக்கொள்கிறவர்கள் மறு வகை. முதல் வகையினர் ஒரு தட்டுப் பழத்தோடு நேரில் போனால் சமாதானம் ஆகிவிடுவார்கள். இரண்டாம் வகைக்கு மருந்து கிடையாது. அடுத்த நாவல் வரும்வரை பொங்கல் சீர்கூட நின்றுபோகும்.

இந்த இரண்டிலும் சேராத வாசகர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இலக்கியக் கூட்டம் முடிந்து, மைக்செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்த பிறகு, ஓரமாக வந்து நின்று கேட்பார்கள்: “சார், ஒரு கேரக்டரை எப்படி சார் உருவாக்குறீங்க?” கேட்கிற பணிவைப் பார்த்தால், நான் களிமண்ணைப் பிசைந்து மூச்சை ஊதி உயிர் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பது தெரியும். அந்த மரியாதையைக் கெடுக்க மனம் வராமல், “அது தானா வரும் தம்பி” என்று மண்டபத்து உத்தரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவேன்.

தானாக எதுவும் வராது. என் நாவலில் வரும் சங்கரபாண்டியன் எப்படி வந்தார் என்று சொன்னால் விளங்கும். அவர் பாளையங்கோட்டைக்காரர், தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பெருங்கஞ்சர். நாவலை ஆரம்பிக்கும்போது எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

முதல் தலைவலி பெயர். இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக், ஒரு பாத்திரத்துக்குப் பெயர் கிடைக்காமல், நண்பர் லியோன் கோஸ்லானையும் இழுத்துக்கொண்டு பாரிஸ் தெருக்களில் கடைப் பலகைகளைப் படித்தபடியே அலைந்திருக்கிறார். கால் ஓய்ந்த நண்பர் இனி முடியாது என்கிற கட்டத்தில் ‘மார்க்காஸ்’ என்ற பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. பால்சாக் துள்ளிக் குதித்தார். விசாரித்தால் அந்த மார்க்காஸ் ஒரு தையல்காரர். பால்சாக் எழுத நினைத்திருந்ததோ அரசியல் மேதை ஒருவனின் கதை! முகம் வாடினாலும் பெயரை விடவில்லை. இதையெல்லாம் எழுதி வைத்தவர் கோஸ்லான்தான். கால் வலித்தவர்களுக்கு ஞாபக சக்தி அதிகம்.

பால்சாக்குக்கு ஓசை பொருந்தினால் போதும். தமிழில் பெயர் வைப்பதென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தையே பூர்த்தி செய்தாக வேண்டும். ‘இசக்கி’ என்று எழுதிய மாத்திரத்தில் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் என்று ஊர் விழுந்துவிடும். ‘மாசாணி’ என்றால் ஆனைமலை. அங்கயற்கண்ணியை மதுரையை விட்டு வெளியே குடிவைத்தால் காரணம் சொல்ல வேண்டும். ரமேஷ், சுரேஷ் என்றால் இன்றைக்கு முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிற வயது. ‘க்ஷ்’ஷும் ‘ஷ்’ஷும் முட்டிக்கொண்டு நிற்கிற பெயர் என்றால் இன்னும் பள்ளிக்கூட வேனில் போகிற பிள்ளை. பெயருக்குப் பின்னால் சாதியை நாம் எழுதாவிட்டாலும் பெயருக்கு உள்ளே அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற வாசகர் இருக்கிறார். கண்டுபிடித்ததும் கடிதம் போடுவார்.

ஆகவே பெயர்களை நான் கல்யாண வீடுகளில் பொறுக்குகிறேன். சாப்பாட்டுப் பந்திக்கு முந்துகிற கூட்டத்தில் என்னைப் பார்க்க முடியாது. மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் நிற்பேன். இலக்கிய விமரிசகர்கள் கண்ணில் மொய் நோட்டு இன்னும் படாதது பெரிய அநியாயம். ஊர், பெயர், தொகை என்று ஒரு வரிக்கு ஒரு மனிதன். ‘சிவகிரி, மாடசாமி, 101’ என்று இருக்கும். அதற்கு அடுத்த வரியிலேயே அதே கையெழுத்தில் ‘மேற்படி மாடசாமி தம்பி, 501’ என்று இருக்கும். அந்த நானூறு ரூபாய் வித்தியாசத்துக்குள் ஒரு பாகப்பிரிவினை, ஒரு வரப்புத் தகராறு, இரண்டு மருமகள்கள் எல்லாம் படுத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றால் பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு உளவாளி என்றும், மாப்பிள்ளை வீட்டார் வருமான வரிக்காரர் என்றும் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு நோட்டில் கிடைத்த பெயர்தான் சங்கரபாண்டியன். எதிரே இருந்த தொகையை வெளியிட விரும்பவில்லை. கஞ்சருக்குப் பொருத்தமாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்து ஆளை உருவாக்க வேண்டும். நாவல் எழுதக் கற்றுத் தருகிற புத்தகங்கள் ஒரு வழி சொல்கின்றன. பாத்திரத்தின் உயரம், எடை, நிறம், படிப்பு, பிடித்த உணவு, சின்ன வயதுச் சோகம் என்று நீளமான பட்டியல் ஒன்றை நிரப்பச் சொல்கின்றன. சிரத்தையாக நிரப்பினேன். ஐந்தடி ஆறு அங்குலம், மாநிறம், வலது காதோரம் மச்சம். முடித்துப் பார்த்தால் சங்கரபாண்டியனுக்கு ஆதார் அட்டை எடுக்க வேண்டிய எல்லா விவரமும் இருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்வரை நடக்க மாட்டேன் என்கிறார்.

அவரை நடக்க வைத்தவை திருட்டுச் சாமான்கள். எனக்கு ஓவியம் சொல்லித் தந்த வாத்தியார், பென்சில் தேய்ந்து விரலுக்கு அகப்படாத அளவுக்குக் குட்டையானதும், பழைய பேனா மூடிக்குள் அதைச் செருகி இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார். அதை எடுத்துக்கொண்டேன். என் அத்தை பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக விழவிட மாட்டார். துண்டு போனால் எடை போகும் அல்லவா? கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, அடுக்கி, எடைக்குப் போடுவார். அதுவும் சங்கரபாண்டியனுக்குப் போயிற்று. பார்சலில் வருகிற ரப்பர் பேண்டையெல்லாம் கதவுக் கைப்பிடியில் மாட்டிச் சேர்த்து வைப்பது யாருடைய பழக்கம் என்று நான் சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தனையும் சேர்த்தும் அவர் கஞ்சப் பழக்கங்களின் கண்காட்சியாக இருந்தாரே தவிர, ஆளாகவில்லை. பழக்கம் என்பது வெளியே தெரிவது. உள்ளே அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவரை அவர் அத்தியாயம்தோறும் பால் கவர்தான் கழுவிக்கொண்டிருப்பார். யோசித்துப் பார்த்தேன். சங்கரபாண்டியனுக்குப் பணம் பெரிதில்லை. ‘எவனும் என்னை ஏமாற்றிவிடக் கூடாது’ என்பதுதான் அவருடைய ஒரே லட்சியம். இது பிடிபட்டதும் மனிதர் மளமளவென்று எழுந்து நடந்தார். கறிகாய்க் கடைத் தராசின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தார். பெட்ரோல் போடும்போது பூஜ்யத்தைப் பார்க்காமல், போடுகிற பையனின் கண்ணைப் பார்த்தார். டாக்டர் நாடி பிடித்தபோது தன் கைக்கடிகாரத்தில் தானும் எண்ணினார்.

அப்போதுதான் கை தன்போக்கில் ஒரு வரி எழுதியது. இத்தனை கறாரான மனிதர், தினமும் சாயங்காலம் கோயில் வாசல் பூக்காரியிடம் மட்டும், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு இரண்டு முழம் மல்லிகை வாங்குகிறார். வீட்டில் அவர் மனைவிக்கோ மல்லிகை வாசனை பட்டாலே தலைவலி.

ஏன்? எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் அடுத்த அத்தியாயத்தை எழுத ஆசை வந்தது.

அந்த நாவல் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. ஆசிரியர் போன் செய்தார். “பூக்காரி மேட்டர் அருமை சார். பழைய காதல்தானே? பிளாஷ்பேக் வெச்சுடுங்க. தாமிரபரணி படித்துறை, ஓவியருக்கும் படம் போட வசதி.” நான் வெகு நல்ல பிள்ளை. உடனே உட்கார்ந்து எழுதினேன். இளமைக் கால சங்கரபாண்டியன் படித்துறையில் நிற்கிறார். அவள் கண்ணீரோடு, “எங்கப்பா வேற எடத்துல பேசி முடிச்சுட்டாங்க” என்கிறாள். சங்கரபாண்டியன் அவளைப் பார்க்கிறார். உதடு துடிக்கிறது. வாயைத் திறந்து, “பஸ்ஸுக்கு எவ்வளவு வாங்குனான்?” என்று கேட்கிறார்.

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நிலவை வரவழைத்தேன். அவர் நிலவைப் பார்த்து, இன்றைக்குத் தெருவிளக்குச் செலவு மிச்சம் என்றார். காகிதம் தீர்ந்ததே தவிர காதல் வரவில்லை.

“அந்த ஆள் நான் சொல்றதக் கேக்க மாட்டேங்கறான்” என்று வீட்டில் சலித்துக்கொண்டேன். என் மனைவி கீரை ஆய்ந்தபடியே, “இந்த வீட்டுலதான் நீங்க சொல்றத யாரும் கேக்கறதில்லேன்னு நெனச்சேன். கதையிலயுமா?” என்றாள்.

பாத்திரங்கள் தம் இஷ்டத்துக்குப் போகின்றன என்று எழுத்தாளர்கள் மேடையில் சொல்வதில் ஆவி, ஆவேசம் எதுவும் இல்லை. முதல் ஐம்பது பக்கங்களில் நாம் எழுதி வைத்த ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. அறுபதாம் பக்கத்தில் நமக்கு வசதியாக இல்லை என்பதற்காக அதை மீற முடியாது. மீறினால் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். வாசகரின் கணக்கு அப்படி. ஷெர்லக் ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சனுக்கு ஆப்கானிஸ்தான் போரில் குண்டடி பட்டது. 1887-ல் வந்த முதல் நாவலில் தோளில் பட்ட அந்தக் காயம், 1890-ல் வந்த இரண்டாம் நாவலில் காலுக்கு இறங்கிவிட்டது. எழுதிய கானன் டாயிலே ஒரு டாக்டர்! நூற்றாண்டு கடந்தும் அந்தக் குண்டு எப்படிப் பயணம் செய்தது என்று ரசிகர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சங்கரபாண்டியனிடம் திரும்புகிறேன். காதலை விட்டுவிட்டு, அவர் லட்சியத்தையே மறுபடி பிடித்துக்கொண்டேன். எவனும் ஏமாற்றக் கூடாது என்கிறவர், ஏன் அந்தப் பூக்காரியிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை? ஒரு நாள் நிஜமாகவே கோயில் வாசலில் போய் நின்று பூ விற்பதைப் பார்த்தேன். பந்திலிருந்து சரத்தை இழுத்து, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை வைத்து அளக்கிறார்கள். தராசு இல்லை, அடிக்கோல் இல்லை. கையே அளவுகோல். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் குள்ளம். வலப்பக்கத்து அம்மாளுக்கு நல்ல நெடுங்கை. விலை இருவரிடமும் ஒன்றுதான்.

விடை கிடைத்துவிட்டது! சங்கரபாண்டியனின் பூக்காரிக்குக் கை நீளம். அவளுடைய முழம் மற்றவர்களின் முழத்தைவிட இரண்டு விரற்கடை கூட. பேரம் பேசினால் கோபத்தில் கையைச் சுருக்கி அளந்துவிடுவாள் என்றுதான் மனிதர் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறார். ஊரெல்லாம் காதல் என்று நினைத்தது, அசல் கஞ்சத்தனம். மனைவிக்கு ஆகாத பூவை என்ன செய்தார் என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு முழமாக வெட்டி விற்றார். தன் கையால் அளந்து.

ஆசிரியருக்கு வருத்தம்தான். ஆனால் சங்கரபாண்டியன் அந்த வாரம்தான் எனக்குச் சொந்தமானார்.

ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-ல் நாவல் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று அவர் இரண்டாகப் பிரித்தது அதில்தான். தட்டை ஆளை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். உருண்டை ஆள் நம்மை வியக்கவைப்பார், அதே சமயம் நம்பவும் வைப்பார். இதைப் படித்த விமரிசகர்கள் தட்டை என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தேவனின் துப்பறியும் சாம்புவை விடவா ஒரு தட்டை ஆள் வேண்டும்? அசடு, அதிர்ஷ்டம், ஒரு மூக்கு. அவ்வளவுதான் சாம்பு. தலைமுறை தாண்டியும் நிற்கிறார். தட்டாக இருந்தாலும் வெண்கலத் தட்டாக இருந்தால் ஓசை வரத்தான் செய்யும்.

சங்கரபாண்டியன் முதலில் தட்டைதான். உருண்டையானது கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில். நெடுங்கைக்காரி படுத்த படுக்கையாகிவிட, அவள் இடத்தில் பன்னிரண்டு வயது மகள் வந்து உட்கார்கிறாள். பிஞ்சுக் கை, சின்ன முழம். சங்கரபாண்டியன் சரத்தைப் பார்க்கிறார், சிறுமியின் முழங்கையைப் பார்க்கிறார், மனதுக்குள் நஷ்டத்தைக் கணக்குப் போடுகிறார். போட்டு முடித்துவிட்டு, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாளும் வருகிறார். இதை நான் திட்டமிடவில்லை. ‘குறைச்சுக் கொடு’ என்று அவர் வாயில் வசனம் எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

இப்படி ஆள் உருவாவதில் எழுத்தாளனுக்குத் துணைக்கை நிறைய உண்டு. தஞ்சைக் கல்வெட்டு வல்லவரையர் வந்தியதேவரைக் குந்தவையாரின் கணவர் என்று சொல்கிறது. அவரைப் பற்றி வரலாறு நமக்குத் தந்த விவரம் சொற்பம். கல்கி அந்தப் பெயருக்குக் குதிரை, துடுக்கு வாய், எந்நேரமும் பசி, மாட்டிக்கொண்டால் புளுகு எல்லாம் கொடுத்து 1950-லிருந்து ஏறக்குறைய நான்கு வருஷம் ஓட விட்டார். ஓவியர் மணியம் முகம் கொடுத்தார். இன்றைக்கும் பல வீடுகளில் வந்தியதேவன் என்றால் மணியம் வரைந்த ஆள்தான். என் தொடருக்குப் படம் போட்ட ஓவியர், நான் சொல்லாமலே சங்கரபாண்டியனுக்குத் தாடி வைத்துவிட்டார். முதலில் திடுக்கிட்டேன். பிறகு பிளேடுச் செலவு மிச்சம் என்று சங்கரபாண்டியனே சம்மதித்துவிட்டார்.

பாத்திரத்துக்குப் பேச்சுத் துணை முக்கியம். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் முதலில் தனி ஆளாகத்தான் வந்தார். வசந்த் பின்னால் வந்து சேர்ந்த ஜூனியர். சீனியர் சட்டம் பேச, ஜூனியர் குறும்பு பேச, இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். வயதும் முக்கியம். அகதா கிறிஸ்டி 1920-ல் வந்த முதல் நாவலிலேயே பெல்ஜியப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவராக ஹெர்குல் பொய்ரோவைக் கொண்டுவந்தார். மனிதர் 1975 வரை துப்பறிந்தார்! எந்த அரசாங்கமும் இத்தனை வருஷம் பென்ஷன் கொடுத்திருக்காது. அவர் கதை முடிந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. முதல் பக்க இரங்கல் கிடைக்கிற நாவலாசிரியர்களே கொஞ்சம்.

படைத்தவனுக்கு அழிக்க உரிமை உண்டா என்றால், சட்டப்படி உண்டு, நடைமுறையில் கிடையாது. கானன் டாயில் ஹோம்ஸை 1893-ல் அருவியில் தள்ளினார். வாசகர்கள் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். பத்து வருஷம் கழித்து 1903-ல், ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று டாயிலே எழுத வேண்டியதாயிற்று. சண்டைக்கு வந்த வாசகர்களுக்கு நாவலாகவே பதில் சொன்னவர் நம் ஜெயகாந்தன். 1966-ல் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெட்டுப்போனதாக ஊர் சொல்லும் பெண்ணைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக்கி ஏற்றுக்கொண்டாள். அது எப்படி என்று ஊரே கேட்டது. தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்த நாவலின் கங்கா, அதே சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள்! தன்னை எழுதியவரையே தேடுகிறாள். எனக்கு இது நேர்ந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

நிஜ மனிதர்கள் கதவைத் தட்டுவது வேறு விவகாரம். சார்லஸ் டிக்கன்ஸ் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ தொடரில் மிஸ் மௌச்சர் என்று குள்ளமான பெண் ஒருத்தியைக் கொஞ்சம் விஷமக்காரியாகக் கொண்டுவந்தார். அதே உருவமுள்ள பக்கத்து வீட்டு அம்மாள் 1849-ல் புண்பட்டுக் கடிதம் எழுதினார். வக்கீலும் வந்தார். டிக்கன்ஸ் பாதித் தொடரில் மௌச்சரை நல்லவளாக்கிக் கதையின் போக்கையே திருப்பினார். அதே நாவலில் கடனில் மூழ்கியபடியே கம்பீரமாக வசனம் பேசும் மிக்காபர், டிக்கன்ஸின் அப்பாவை வைத்து எழுதப்பட்டவர். கடன்காரர் சிறைக்குப் போன அப்பாவை உலகம் முழுக்க ரசிக்க வைத்த மகன் அவர். பக்கத்து வீட்டாரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

என் அனுபவம் நேர் எதிர். நாவல் புத்தகமாக வந்ததும் தென்காசியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். “ஏல, சங்கரபாண்டியன்னு என்னையத்தானல எழுதியிருக்க?” பெரியப்பா தாராளப் பிரபு. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கும் காசு கொடுக்கிறவர். எத்தனை சொல்லியும் நம்பவில்லை. மச்சம் இருக்கிறதாம், வலது காதோரம். பால் கவரின் சொந்தக்காரியான அத்தையோ நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, “இப்படியும் ஒரு எச்சக்கை இருப்பானாப்பா? எங்கேருந்து பிடிச்ச?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, கழுவின பால் கவரை உதறிக் கொடியில் மாட்டினார். கிளிப் போட்டார்.

நாவல் முடிந்ததும் ஆள் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். தன் நாவலின் நாயகி எம்மா பவாரி விஷம் சாப்பிடும் கட்டத்தை எழுதியபோது தன் நாக்கிலேயே ஆர்சனிக் சுவையை உணர்ந்ததாக பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு விஷத்தோடு முடிந்தது. எனக்குச் சங்கரபாண்டியன் முழுசாக இறங்கிவிட்டார். கறிகாய்க் கடையில் தராசின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கிறேனாம். டாக்டர் நாடி பார்க்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறேனாம். போன வாரம் பூ வாங்க நின்ற இடத்தில் மூன்று பூக்காரிகளின் கையையும் நான் மாறி மாறிப் பார்க்கப் போக, மனைவி என்னை இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

வழியெல்லாம் பேசாமல் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், “நீங்க எந்த ஆளப் பத்தி எழுதுறீங்களோ அந்த ஆளாவே மாறிடுறீங்க, இல்ல?” என்றாள்.

“அது ஒரு படைப்பாளியோட...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவளே முடித்தாள்.

“அப்ப அடுத்த நாவல்ல, காலைல எழுந்து காபி போட்டு, துணி காயப்போட்டு, கேஸ் சிலிண்டர் மாட்டி, பொண்டாட்டிய உக்காரச் சொல்ற ஒரு ஆள எழுதுங்க. கொஞ்சம் நீளமான நாவலாவே இருக்கட்டும்.”